ஓய்வைப் பற்றி அஸ்ட்ரிடா நடத்திய பாடம்

அஸ்ட்ரிடா கட்டோங்கோவுக்கு நாற்பத்துமூன்று வயது. அந்த வயதில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பேரப்பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அலைவார்கள். இவள் பாடக்குறிப்புக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தாள். மேல்நிலைப் பள்ளியில் சமயமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிற டீச்சராவதற்குப் பயிற்சி. யார் இவளைக் கிளப்பிவிட்டது என்று கேட்டால் தன்னையே திட்டிக்கொள்வாள்.

அதற்கு முன்னால் அவள் டீச்சர் இல்லையா என்றால், பதினைந்து வருஷமாக டீச்சர்தான். ஊர்ப் பள்ளியில். ஊராரே சுவர் எழுப்பி, ஊராரே கூரை வேய்ந்து, ஊராரே ஆள் பிடித்துவைத்த பள்ளி. ஒரு மாதம் சம்பளம் வரும், ஒரு மாதம் மரவள்ளி மாவு வரும், ஒரு மாதம் எல்லாரும் இவளைக் கண்டால் வேறு பாதையில் போவார்கள். புருஷன் தாமிரச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன். போனபிறகு இரண்டு தடவை வந்தான். ஒரு தடவை குளிர்ச்சட்டையை எடுக்க, இன்னொரு தடவை சைக்கிளை எடுக்க. மகள் லொம்பேயை இவள்தான் வளர்த்து, படிக்கவைத்து, மன்சா நகரத்து மருந்துக்கடை ஒன்றில் வேலைக்கும் சேர்த்துவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் உத்தரவு வந்தது. சான்றிதழ் இல்லாதவர் இனிமேல் எந்தப் பள்ளியிலும் வகுப்புக்குள் நிற்கக் கூடாதாம், ஊர்ப் பள்ளியானாலும் சரி. மூன்று வருஷம் தவணை. பதினைந்து வருஷம் நின்ற காலுக்கு இனிமேல் காகிதம் வேண்டுமாம். அஸ்ட்ரிடா இரண்டு நாள் கொல்லையிலேயே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கிழங்குக் கொல்லையில் பாதியைக் கைமாற்றிவிட்டு, தபால்வழிப் பயிற்சிக்கு மனுப்போட்டாள்.

பயிற்சி என்பது விடுமுறைதோறும். பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நாளில் இவள் கல்லூரி விடுதிக்குப் போவாள். இருபது வயதுப் பெண்கள் நடுவில் மேல்கட்டிலில் படுக்கை. ஏறும்போது ஒரு தடவை முழங்கால் முணுமுணுக்கும், இறங்கும்போது சத்தமாகவே சொல்லும். அந்தப் பெண்கள் இவளை "அத்தை" என்று கூப்பிட்டு, சிறுமீன் வறுவலில் பங்கு கேட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் இவளுடைய குறிப்பைக் கடன் கேட்பார்கள். பதினைந்து வருஷம் பேசிக்கொண்டிருந்த ஆங்கிலத்துக்குள் இத்தனை விதி ஒளிந்திருக்கிறதா என்று அசந்துபோனாள். சமயத்தில் நான்கு மதம். கிறிஸ்தவம் தெரியும், முன்னோர் வழக்கம் தெரியும். இஸ்லாமும் இந்து மதமும் புத்தகத்தில் மட்டும்தான். அவளுக்குத் தெரிந்த ஒரே இந்து, மன்சாவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு கிழவர். அவர் எந்தக் கேள்விக்கும் "விலை சொல்லியாச்சு, குறைக்க முடியாது" என்றுதான் பதில் சொல்வார்.

எல்லாவற்றையும்விட இவளைப் படுத்தியது பாடத்திட்டம் எழுதுவதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் கையால் இரண்டு பக்கம். பாடம் முடியும்போது பிள்ளைகள் "புரிந்துகொள்வார்கள்" என்று எழுதினால் சிவப்பு மையில் அடி விழும். புரிந்ததை எப்படி அளப்பீர்கள் என்று கேட்பார் விரிவுரையாளர். "மூன்று காரணங்களைப் பட்டியலிடுவார்கள்" என்று எழுதவேண்டும். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்று அளந்தவளுக்கு அந்த வாக்கியத்தை எழுதும்போதெல்லாம் எரிச்சல் வரும். ஆனாலும் எழுதினாள். எழுதாமல் முடியுமா?

கடைசிப் படி, ஒரு பருவம் முழுக்க மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக் காட்டவேண்டும். ஏரிக்குப் போகிற சாலையில் ஒரு பகல்நேரப் பள்ளியைக் கொடுத்தார்கள். கல்லூரியிலிருந்து மூன்று தடவை ஆள் வந்து, பின்னால் உட்கார்ந்து பார்த்து, மார்க் போடுவார்கள். மூன்றும் சேர்ந்து சராசரி ஐம்பது வந்தால் தேர்ச்சி. முதல் ஆள் பாடத்தைக் கேட்கவே இல்லை, கோப்பைத்தான் புரட்டினார். தாள்களைப் பிரிக்க வண்ண அட்டை வைக்கவில்லை, நோக்கங்கள் சரியில்லை என்று முப்பத்தெட்டு போட்டார். இரண்டாம் ஆள் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். போன் அடித்தது. வெளியே போனவர் திரும்பி வரவில்லை, காகிதம் மட்டும் வந்தது, ஐம்பத்திரண்டு. ஆக மூன்றாவதில் அறுபது வாங்கியே தீரவேண்டும். வாங்காவிட்டால் இன்னொரு வருஷம். தவணையோ இந்த வருஷத்தோடு முடிகிறது.

இதற்கு நடுவில் லொம்பேக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தலைகாட்ட மாட்டான், அவன் அனுப்புகிற தூதுக்காரர்தான் மூடிய தட்டோடு வருவார். லொம்பேயின் தாய்மாமன், அதாவது அஸ்ட்ரிடாவின் அண்ணன், தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிவிட்டால் மாமியாரும் மருமகனும் முறைக்காரர்கள். அந்த நிமிஷத்திலிருந்து, மருமகனை விருந்து வைத்து வீட்டுக்குள் அழைக்கிற நாள்வரை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது, எதிரே வந்தால் ஒருவர் புல்லுக்குள் இறங்கி நிற்கவேண்டும். "பையன் பேரு கபெம்ப்வா சிசாலா. படிச்ச பையன், ஏதோ கத்துக்குடுக்கற வேலையாம்," என்றார் அண்ணன். அஸ்ட்ரிடா சரி என்றாள். அவள் தலைக்குள் அறுபது மார்க் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆள் வந்தது தட்டு வாங்கி மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை. சேதி கொண்டுவந்தவள் மிஸ் நாம்விங்கா. அந்தப் பள்ளியில் சமயப் பாடத் துறைக்குத் தலைவி, பயிற்சியில் இருக்கிற அஸ்ட்ரிடாவுக்கு மேற்பார்வை. வயது இருபத்தொன்பது, வாய் மட்டும் ஐம்பது வயசு.

"அக்கா, காலேஜ் ஆள் வந்தாச்சு. லாரி மேல உக்காந்து வந்திருக்கார் போல, தலையெல்லாம் புழுதி. சின்னவயசுதான். சின்னவங்க மார்க் போடறதுல கஞ்சத்தனம் பண்ண மாட்டாங்க."

"பேரு என்ன மிஸ்?"

"சிசாலா. கபெம்ப்வா சிசாலா."

அஸ்ட்ரிடா கையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நல்லவேளை, இருந்தது.

"அது என் மருமகன், மிஸ்."

"உங்களுக்குக் கல்யாணமான பொண்ணே கிடையாதே."

"தட்டு வந்தாச்சு."

நாம்விங்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் தலைநகரம் லுசாக்காவில் வளர்ந்தவள். "அங்க மாமியாரும் மருமகனும் ஒரே சோபாவுல உக்காந்து பந்தாட்டம் பாக்கறாங்கக்கா."

"அது லுசாக்கா. இங்க நான் அவர் மூஞ்சியப் பாத்தா எங்கண்ணன் தட்டைத் திருப்பி அனுப்பிடுவார். அனுப்பினா லொம்பே என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டா."

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் நாள்காட்டியைப் பார்த்தார். "அடுத்த வாரத்தோட பருவம் முடியுது. காலேஜ் வண்டி பழுதாகிக் கிடக்குது, வேற ஆள் வர மாட்டாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான். முடிவு உங்களோடது, மேடம்," என்றார். உங்களோடது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது எவ்வளவு சுலபம்.

நாம்விங்கா தூதுபோய்த் திரும்பிவந்தாள். "பாவம்க்கா. பட்டியல்ல ஏ. கட்டோங்கோன்னுதான் இருக்காம். லொம்பே அம்மான்னுதான் அவர் கேள்விப்பட்டிருக்கார். நீங்கதான் அதுன்னதும் மூஞ்சி வெளிறிப்போச்சு. விறகுக் கொட்டாய்க்குப் பின்னால போய் நின்னுக்கிட்டார்." பிறகு ஏற்பாட்டைச் சொன்னாள். அவர் முதலில் போய்க் கடைசி வரிசையில் வலது மூலையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். இவள் முக்காடு போட்டுக்கொண்டு அப்புறம் உள்ளே போகவேண்டும், அந்த மூலைப்பக்கம் கண்ணைத் திருப்பக் கூடாது. "பாடம் காதுல விழுந்தா போதாதான்னு கேக்கறார்," என்றாள்.

போதும்தான். வேறு என்ன செய்வது?

பதினோராம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். பாடம் ஓய்வு. பாடப்புத்தகத்தை எழுதினவருக்கு அஸ்ட்ரிடா மேல் என்ன பகையோ தெரியவில்லை. வேலையைப் பற்றி, தைரியத்தைப் பற்றி, நீதியைப் பற்றியெல்லாம் பாடம் இருக்கிறது, இவளுடைய கடைசிப் பரீட்சைக்கு வந்து வாய்த்தது ஓய்வு. அதைத் தயார்செய்ய மூன்று சாயங்காலம் ஓய்வில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கரும்பலகை முழுக்கக் கணக்கு வாத்தியாரின் முக்கோணங்கள், "அழிக்காதே" என்று எழுதி அடிக்கோடு வேறு. அதற்காக மாவுப் பையைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் நான்கு மதத்துக்கும் படம் வரைந்து கொண்டுபோயிருந்தாள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் பக்கம் பாராமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து மேஜைக்குப் போனாள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள்.

"நேத்து உங்க அம்மா எத்தனை மணிக்கு உக்காந்தாங்க?" என்று ஆரம்பித்தாள்.

"சாப்பிடறப்போ, மேடம்," என்றான் ஒருவன். "எங்கம்மா நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க," என்றாள் இன்னொருத்தி. "ராத்திரி ஜெபத்துக்கு சர்ச்சுல உக்காந்தாங்க, மேடம்." "சர்ச்சுலயும் தம்பி அழுதான்னு வெளிய போயிட்டாங்க." சிரிப்பு. அஸ்ட்ரிடாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று இளகியது.

"ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். நமக்கும் கட்டளையா போட்டார். ஏன் கட்டளையா போடணும்? அன்பா சொன்னா நாம யாரும் உக்கார மாட்டோம்னு அவருக்குத் தெரியும்." முஸ்லிம்களின் வெள்ளிக்கிழமைத் தொழுகையைச் சொன்னாள். மண்வெட்டியைத் தொடக் கூடாத நாட்கள் நம்முடைய முன்னோருக்கும் இருந்ததைச் சொன்னாள். பிறகு இந்துக்களுக்கு வந்தாள். "பிள்ளைங்க வளந்து பேரப்பிள்ளை பொறந்ததும் வீட்டு வேலையெல்லாம் விட்டுட்டு அவங்க காட்டுக்குப் போயிடலாம்னு அவங்க சாஸ்திரத்துல இருக்கு. அமைதியா உக்காந்து கடவுளை நினைக்கறதுக்கு."

"காட்டுக்கா, மேடம்? நம்ம அம்மாங்க தினம் போறாங்களே, விறகுக்கு," என்றாள் எவலின். முன்வரிசைக்காரி, கெட்டிக்காரி.

"அவங்களுக்கும் அங்க போனப்புறம் யாராச்சும் அடுப்பு மூட்டணும் இல்ல?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அஸ்ட்ரிடாவே சிரித்துவிட்டாள்.

பாடம் ஓடியது. பதினைந்து வருஷத்தில் அப்படி ஓடினதில்லை. கோப்பில் எழுதியதும் வாயில் வந்ததும் பிள்ளைகள் கேட்டதும் ஒன்றோடொன்று பொருந்தி, அவள் தள்ளாமலே போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு முள். வலது மூலையைச் சுற்றி இருந்த பிள்ளைகள் நடுநடுவே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். முக்காட்டைப் பார்த்துத்தான், நண்டு நடையைப் பார்த்துத்தான் என்று அவளுக்குக் காது சிவந்தது. கிழவி வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன், சிரிக்காமல் என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

மணி அடித்தது. அவர் பின்கதவால் போய்விட்டார் என்று நாம்விங்கா வந்து சொன்னபிறகுதான் அஸ்ட்ரிடா தலையை நிமிர்த்தினாள். கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

கால்மணி நேரத்தில் காகிதம் வந்தது. எண்பத்துநாலு. நாம்விங்கா ஆசிரியர் அறையில் ஒரு சுற்று ஆடினாள். ஹெட்மாஸ்டர் வந்து கைகொடுத்தார். அஸ்ட்ரிடா காகிதத்தைக் கையில் வாங்கினாள். உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். குரல் மிக நன்று. மாணவர் பங்கேற்பு மிக நன்று. கரும்பலகைப் பயன்பாடு மிக நன்று.

அந்த வரியில் நிறுத்தினாள். கரும்பலகையில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லையே.

எவலின் நோட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். "எவலின், பின்னால எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்க?" என்று கேட்டாள் அஸ்ட்ரிடா.

எவலின் நெளிந்தாள். "சொன்னா திட்டக் கூடாது, மேடம்."

"சொல்லு."

"அந்த சார் தூங்கிட்டார், மேடம். நீங்க அம்மா எப்ப உக்காந்தாங்கன்னு கேட்டீங்களே, அதுக்குள்ளயே. தலை ஜன்னல் கம்பியில முட்டிக்கிட்டே இருந்துச்சு. நடுவுல லேசா குறட்டை வேற. மணி அடிச்சதும்தான் முழிச்சார். பாடம் ஓய்வுதானேன்னு நாங்க எழுப்பலை."

நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாத ஒரே ஆள் இவள்தான், பார்க்கக் கூடாது என்பதால்.

எவலின் போனபிறகு நாம்விங்கா கதவைச் சாத்தினாள். "விடுங்கக்கா. மார்க் வந்துச்சா, அதோட விட்டுடுங்க. தூங்கினா என்ன, முழிச்சிருந்தா என்ன. முப்பத்தெட்டு போட்டவர் முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தார்?"

"நாப்பத்திரண்டு பிள்ளைங்க, மிஸ். சாயங்காலத்துக்குள்ள நாப்பத்திரண்டு வீட்டுல சொல்லிடும். நாளைக்கு மீன்கடையில நிக்கறப்போ, மருமகன் தூக்கத்துல போட்ட மார்க்கு டீச்சரம்மா வர்றாங்கன்னு சொல்வாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். வேலை போகாதே."

"அது மட்டும் இல்ல." அஸ்ட்ரிடா காகிதத்தை நாலாக மடித்தாள். "இன்னிக்கு நல்லா நடத்தினேன், மிஸ். எனக்கே தெரிஞ்சுது. ஒரு ஆளாச்சும் கேட்டிருக்கலாம்."

சொல்லும்போதே கோபம் வந்தது. முதல் ஆள் கோப்பைப் பார்த்தான், இரண்டாம் ஆள் போனைப் பார்த்தான், மூன்றாம் ஆள் கனவு பார்த்தான். எழுந்து மாவுப் பைப் படத்தைச் சுருட்டினாள்.

"எங்க கிளம்பறீங்க?"

"லாரிக்குக் காத்துக்கிட்டு முக்குல தானே நிப்பார்? மறுபடி நடத்தப்போறேன்."

"அறுபதுக்குக் கீழ போச்சுன்னா? பைத்தியமா உங்களுக்கு? நான் நடுவுல நின்னு பேச வரமாட்டேன், சொல்லிட்டேன்."

வராவிட்டால் போகட்டும் என்று அஸ்ட்ரிடா நடந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளி விட்டு, பிள்ளைகள் அதே சாலையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எவலினும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கூடவே வந்தார்கள்.

முக்கில் ஒரு மாமரம், அதன் எதிரே சிறுபாலத்தின் திண்டு. மரத்தடியில் யாரோ பயணத்துக்கு மூட்டையும் ஆடுமாகக் கட்டிப்போட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி புழுதிச் செருப்பு தெரிந்தது. அஸ்ட்ரிடா முக்காட்டை இழுத்துக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். நடுவில் தூதுக்கு ஆள் இல்லை. எங்கள் பக்கம் அப்படி ஆகிப்போனால் கண்ணில் படுவது எதுவோ அதனிடம் பேசுவோம். ஆடு கண்ணில் பட்டது.

"ஆடே, இன்னிக்கு ஒரு ஐயா என் வகுப்புல தூங்கிட்டாராம். உனக்குத் தெரியுமா?"

மரத்துக்குப் பின்னால் செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்புறம் குரல் வந்தது. இளம் குரல்.

"ஆடே, அந்தம்மாகிட்ட சொல்லு. மூணு நாள்ல நாலு பள்ளிக்கூடம். எல்லாமே லாரி மேலதான். நேத்து தங்கின எடத்துல விடியவிடியப் பாட்டுச் சத்தம். ஜன்னலைப் பாத்து உக்காந்தேன், வெயில் முகத்துல அடிச்சுது. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. என்னை மன்னிக்கணும்."

"மன்னிக்கறதுக்கு வரலை, ஆடே. எம்பத்துநாலு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளு."

"அவங்க லொம்பேயோட அம்மா. நான் வேற என்னத்தப் போடறது? தூங்கிட்டேன்னு எழுதினா எனக்கும் வேலை போயிடும், நான் இன்னும் தற்காலிகம்தான்."

"அப்போ அந்த மார்க்கு லொம்பே அம்மாவுக்கு. அஸ்ட்ரிடா கட்டோங்கோவுக்கு எவ்வளவு?"

செருப்பு ஒன்று மண்ணைக் கீறியது.

"ஆடே, சொல்லு. அதே பாடம் இங்க இன்னொரு தடவை நடக்கும். அந்த ஐயா திரும்பிப் பாக்கவேணாம், கேட்டா போதும். காதுல விழுந்ததுக்கு மட்டும் மார்க் போடட்டும்."

"அறுபது வரலைன்னா அவங்களுக்குத்தான் கஷ்டம்னு சொல்லு, ஆடே. மத்த ரெண்டு மார்க்கும் நான் பாத்தேன்."

"எனக்குக் கூட்டத் தெரியும்," என்றாள் அஸ்ட்ரிடா, ஆட்டை மறந்து.

காலையில் கொடுத்த காகிதத்தைக் கீழே வைத்தாள். ஆடு அதை முகர்ந்து பார்த்து, ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது. மரத்துக்கு அந்தப் பக்கமும் அவர் வைத்திருந்த நகல் கிழிகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் பாலத்திண்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எவலின் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் வந்த மாதிரி வரவில்லை. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வெயில் உச்சியில், வயிற்றில் ஒன்றுமில்லை, கழுத்து வலி. காலையில் தானாக வந்த சிரிப்பை இப்போது இழுத்துப்பிடித்து வரவழைக்கவேண்டியிருந்தது. பாதியில் ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் அதில் ஏறிப் போயிருக்கலாம், போகவில்லை. அஸ்ட்ரிடா தொண்டையைச் செருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். கேள்வி கேட்டாள், பதில் வாங்கினாள், சிலசமயம் தானே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள். முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. பேனா எழுதுகிற சத்தம் மட்டும் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. ரொம்பநேரம் வந்தது.

"ஆடே, காகிதம் கல்லுக்கு அடியில இருக்குன்னு சொல்லு," என்றது குரல். அடுத்து வந்த லாரி நின்றது. செருப்புகள் ஓடின. லாரி கிளம்பி வளைவு திரும்பும்வரை அஸ்ட்ரிடா கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு போய்க் கல்லைத் தூக்கினாள். மொத்த மார்க் அடியில் இருக்கும் என்று தெரிந்தும் கண் அங்கே போக மறுத்தது. எவலின்தான் எட்டிப் பார்த்தாள்.

"அறுபத்தொண்ணு, மேடம்."

அஸ்ட்ரிடா திண்டில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் முதல் தடவையாக ஆற அமர உட்கார்ந்தது அப்போதுதான். முதலிலிருந்து படித்தாள். முன்புறம் போதாமல் பின்பக்கமும் நுணுக்கி எழுதியிருந்தது. தொடக்கக் கேள்வி மிகச் சிறப்பு. கரும்பலகை இல்லை, மார்க் இல்லை. இஸ்லாத்துக்கு இரண்டே வாக்கியம், போதாது. அதற்குக் கீழே: "ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ஐந்து இடங்களில் தானே பதில் சொல்லிவிட்டார். மாணவர்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. நெடுநாள் தனியாக நடத்திய களைப்பு என்று தோன்றுகிறது. காத்திருந்தால் இவர் மிக நல்ல ஆசிரியர்."

அவளுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று முக்காட்டைக் கொண்டு துடைத்தாள், அது நிற்கவில்லை.

"பாஸ்தானே, மேடம்?" என்றாள் எவலின் பயந்துபோய்.

"பாஸ்தான்."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

எவலின் உட்கார இடம் விட்டு அஸ்ட்ரிடா நகர்ந்தாள். பதினைந்து வருஷமாக அவளுடைய பாடத்தில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. நல்ல டீச்சர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், உட்கார்ந்து கேட்டவர்தான் ஒருத்தரும் இல்லை. காகிதத்தைத் திருப்பி, அந்த வரிகளை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.